ஏழு நாள் தவணை

கடிதத்துக்குக் காசு கொடுக்க வேண்டியவர் யார்? இன்று விசித்திரமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, 1840 ஆம் ஆண்டுக்கு முந்திய பிரித்தானியாவில் அன்றாடச் சிக்கலாக இருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுத்தார். தபாற்காரர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் காசு வாங்கினார். கொடுக்க மறுத்தவர்களின் கடிதத்தைத் திரும்பச் சுமந்தார். கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு அற்பம், அதைக் கணக்கிட்டு வசூலிப்பதற்கே செலவு அதிகம் என்று 1837 இல் வாதிட்டவர் றோலண்ட் ஹில். 1840 மே மாதத்தில் வெளிவந்த ஒரு பென்னி கறுப்பு முத்திரை அந்த வாதத்தின் விளைவு. இலங்கைக்கு முத்திரை 1857 ஏப்ரலில் வந்து சேர்ந்தது.

முற்பணம் செலுத்தினால், கொடுத்தவரும் பெற்றவரும் பிறகு ஒருவரையொருவர் தேடத் தேவையில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததும் கணக்கு முடிந்தது. கைத்தொலைபேசிக்கு ‘ரீலோட்’ செய்வதும் அவ்வாறே. காசு முடிந்தால் பேச்சு முடியும், வேறெதுவும் அழிவதில்லை. ஆனால், ஒரு பொருளைப் பாதுகாத்துத் தருவதற்காக ஒருவர் முற்பணம் வாங்கினால்? காசு தீர்ந்த பின்னரும் பொருள் அங்கேயே கிடக்கும். அதை என்ன செய்வது?

இணையவழிக் காப்புப் பிரதிச் சேவைகளின் சுருக்கமான வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடையளித்தவர் கனடாவைச் சேர்ந்த கணினி அறிஞர் கொலின் பெர்சிவல். ‘டார்ஸ்னாப்’ என்ற சேவையை அவர் 2008 இல் பொதுப் பாவனைக்குத் திறந்தார். வாடிக்கையாளரின் கோப்புகள் அவரவர் கணினியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 களஞ்சியத்தில் வைக்கப்படும். திறவுகோல் வாடிக்கையாளரிடமே இருக்கும்; பெர்சிவலால்கூட எதையும் வாசிக்க முடியாது. (அத்திறவுகோலைக் கடவுச்சொல்லால் காப்பதற்கென அவர் 2009 இல் வெளியிட்ட ‘எஸ்கிரிப்ட்’ முறையைப் பின்னாளில் லைற்கொயின் முதலான எண்ணிம நாணயங்கள் எடுத்துக்கொண்டது வேறு கதை.)

குறைந்தது 5 டொலரை முன்கூட்டிச் செலுத்த வேண்டும். ஒரு பைற்றை ஒரு மாதம் வைத்திருக்கக் கட்டணம் 250 பிக்கோடொலர். பிக்கோ என்றால் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. சாதாரணக் கணக்கில் சொன்னால், ஒரு கிகாபைற்றுக்கு மாதம் 25 சதம். கோப்புகளை ஏற்றி இறக்குவதற்கும் அதே வீதம் தனியாக உண்டு.

மீதி, ஏழு நாட்களுக்கான களஞ்சியக் கட்டணத்தைவிடக் குறைந்ததும் ஒரு மின்னஞ்சல் எச்சரிக்கும். மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் சேவை நிறுத்தப்பட்டு இன்னொரு மின்னஞ்சல் வரும். அன்றிலிருந்து ஏழு நாள் தவணை. அதற்குள்ளும் பணம் வராவிட்டால், கணக்கும் அதிலுள்ள பிரதிகளும் அழிக்கப்படும். இதுவே அவர் வகுத்த விதி.

பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் சந்தாப் பிரிவை அறிவர். ஆண்டுச் சந்தா முடியும் தறுவாயில் மேலுறையில் ஒரு துண்டு ஒட்டி அனுப்புவார்கள். வாசகர் அதைக் கவனியாதுவிட்டால் அடுத்த இதழ் வராது. வராத இதழே இரண்டாவது நினைவூட்டல். அதுதான் அநேகமானோரைத் தட்டி எழுப்பும். காப்புப் பிரதியிலோ, எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எதுவும் நம் கண்ணில் படாது. இரவில் தானாக ஓடும் ஒரு நிரல் பிரதி எடுக்கிறது. காசு முடிந்தபின் அது தோற்றுப்போகிறது. அந்தத் தோல்வியும் எவரும் திறந்து பாராத பதிவொன்றில் போய் விழுகிறது. வைத்திருப்பவருக்கும் உரியவருக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஒரே குரல் அந்த மின்னஞ்சல்தான். ஆகவே அதனைக் கட்டணப் பிரிவின் சிறு வேலையென்று நான் கருதவில்லை. பூட்டும் மறையாக்கமும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானது அது.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியற்ற ஏடுகளும் உடன் போயின. வேறோரிடத்தில் இன்னொரு பிரதி இருப்பதன் பெறுமதியை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த இன்னொரு பிரதிக்கும் மாதந்தோறும் எவரோ வாடகை கட்ட வேண்டும் என்பதையே நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

யப்பானில் வசித்த அமெரிக்கத் தொழில்முனைவரான பற்றிக் மக்கென்சி, 2014 ஏப்ரலில் டார்ஸ்னாப்பை நீண்ட கட்டுரையொன்றில் விமர்சித்தார். அவர் அதன் வாடிக்கையாளர், அபிமானியுங்கூட. பிக்கோடொலர் கணக்கைப் பரிகசித்ததோடு நில்லாமல், காசு தீர்ந்தால் பிரதியை அழிக்கும் விதியையும் அவர் கண்டித்தார். இக்கண்டனத்தின் நியாயத்தை எளிதில் உணரலாம். கணக்கைத் திறந்த ஊழியர் வேலையை விட்டு விலகியிருக்கலாம். உரியவர் வைத்தியசாலையில் படுத்திருக்கலாம்.

பெர்சிவல் பக்கத்திலும் நியாயமுண்டு. எவர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அமேசனுக்கு அவர் பணம் செலுத்தியாக வேண்டும். உள்ளே இருப்பது குப்பையா, ஒரு குடும்பத்தின் முழு நினைவா என்று பார்த்துத் தீர்மானிக்கவும் அவரால் இயலாது. முற்பண முறையில், மாதாமாதம் அறவிடுவதற்காக வாடிக்கையாளரின் கடனட்டை விபரத்தைச் சேமித்துவைக்க வேண்டியதுமில்லை. அதனால் முற்பணத்தில் நான் பிழை காணேன், தவணையில்தான் காண்கிறேன். 10 கிகாபைற் வைத்திருப்பவரின் மாதக் கட்டணம் இரண்டரை டொலர். இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் நட்டம் ஏழரை டொலர். எதிர்த்தட்டில் இருப்பதை எந்த நாணயத்தில் நிறுப்பது?

காசைத் தவறாது கட்டியவர்கள் எல்லோரும் தப்பினார்கள் என்பதுமில்லை. ‘லிங்க்அப்’ என்ற அமெரிக்கக் களஞ்சியச் சேவை 2008 ஆகஸ்ட் 8 இல் மூடப்பட்டபோது, கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர். கோப்புகளில் கணிசமான பங்கு அதற்கு முன்பே தொலைந்துபோயிருந்தது. டார்ஸ்னாப் 2023 யூலையில் ஒரு நாளுக்கு மேல் செயலிழந்தபோது பிரதிகள் அழியவில்லை; எல்லோருடைய கணக்கிலும் அரை மாதக் களஞ்சியக் கட்டணத்தைப் பெர்சிவல் தாமாகவே வரவு வைத்தார். முற்பணக் கணக்கு இருப்பதால், மன்னிப்பைக்கூட அதிலேயே வரவு வைக்க முடிகிறது.

மின்னஞ்சல் எந்த முகவரிக்குப் போகிறது என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான பிரச்சினை. 2013 யூனில் யாகூ நிறுவனம், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் பாவிக்கப்படாத பெயர்களை வேறு ஆட்களுக்கு வழங்கப்போவதாக அறிவித்தது. பழைய யாகூ முகவரியைக் கொடுத்துக் காப்புப் பிரதிக் கணக்குத் திறந்த ஒருவரின் எச்சரிக்கை, முன்பின் அறியாத ஒருவரின் பெட்டியில் போய் விழக்கூடிய நிலை அது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகிள் வேறொரு வழியைத் திறந்திருந்தது: இத்தனை மாதம் என் கணக்கில் அசைவில்லையானால் இன்னாருக்கு அறிவி என்று உரியவரே முன்கூட்டி எழுதிவைக்கலாம். மரணத்தையும் கணக்கிலெடுத்த ஏற்பாடு.

இரண்டாண்டுகள் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது. அழிக்குமுன் நினைவூட்டல்கள் அந்தக் கணக்குக்கும், மீட்புக்காகக் கொடுக்கப்பட்ட இரண்டாவது முகவரிக்கும் அனுப்பப்படும் என்று அறிவித்திருந்தது. இதைப் பற்றி நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது முகவரியாகத் தாம் கொடுத்தது எது என்று அவர்களில் ஒருவருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை.