சிறை வாயிலில் ஒரு கேள்வி

உரோமையில், தைபர் ஆற்றங்கரையில், புனித மிக்கேல் இல்லம் என்னும் பெருங்கட்டடம் ஒன்று உண்டு. 1703-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் கிளமெண்ட், தவறிழைத்த சிறுவர்க்கெனத் தனியொரு திருத்தகத்தை அங்கே அமைக்கப் பணித்தார். கட்டடக் கலைஞர் கார்லோ ஃபோந்தானா அதனை மூன்று அடுக்குகளாக, 60 சிற்றறைகளுடன் எழுப்பினார். தீயோரைத் தண்டனையால் அடக்கினால் மட்டும் போதாது, பயிற்சியால் அவர்களை நல்லோராக்க வேண்டும் என்ற கருத்து இலத்தீனில் அங்கே பொறிக்கப்பட்டது.

சிறுவரும் முதிர்ந்த குற்றவாளிகளும் ஒரே கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த காலத்தில் இது பெரியதொரு முன்னேற்றமே. சிறைச் சீர்திருத்தத்திற்காக உழைத்த ஆங்கிலேயர் ஜான் ஹோவர்ட் பின்னாளில் இவ்வில்லத்தைக் கண்டு, அவ்வாசகத்தைப் போற்றினார். ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தை நாம் மறைத்தல் ஆகாது. அச்சிறுவர் பகலில் வாய் பேசாது நூல் நூற்றனர், இரவில் தனியறையில் பூட்டப்பட்டனர், கசையடியும் இருந்தது. உள்ளே வந்தவனைத் திருத்த முயன்றார்கள். அவன் ஏன் உள்ளே வந்தான் என்ற கேள்வி வெளியிலேயே நின்றுவிட்டது.

அக்கேள்வியைக் கையில் எடுத்தவர் புனித தொன் போஸ்கோ. 1841-இல் குருவான அவரைப் புனித ஜோசப் கஃபாசோ தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள சிறுவர் பலர் அங்கே பசியோடும் பூச்சிக்கடியோடும் கிடந்தனர். அந்நாளில் தூரின் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. பிழைப்புத் தேடி மலையூர்களிலிருந்து வந்த சிறுவர் கொத்தனாருக்குக் கையாளாகவும், புகைபோக்கி துடைப்பவராகவும் அலைந்தனர். வேலை இல்லாத நாளில் அவர்களுக்குத் தெருவே வீடு. நல்ல மனத்தோடு விடுதலையானவர்களும் சில நாள்களில் மீண்டும் சிறைக்கு வருவதைத் தொன் போஸ்கோ கண்டார். வெளியே அவர்களை ஏற்று நடத்த ஒருவரும் இல்லாமையே காரணம் என உணர்ந்தார்.

எனவே அவர் சிறைக்கு வெளியே பணி தொடங்கினார். 1846-இல் வால்தோக்கோவில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். விளையாட்டு, மறைக்கல்வி, இரவுப் பள்ளி ஆகியவை அங்கே வளர்ந்தன. 1852-இல் தச்சர் ஒருவரிடம் வேலை பழகச் சென்ற சிறுவனுக்காக அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இன்றும் உள்ளது. சிறுவனை அடிக்கலாகாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். திருநாள்களில் ஓய்வு தர வேண்டும் என்று அது முதலாளியைக் கட்டுப்படுத்தியது. பணிவும் உழைப்பும் சிறுவனின் கடமை என்றும் அது கூறியது. 1853 முதல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல் முதலிய தொழிற்கூடங்களைத் திறந்தார். இவ்வனுபவத்தையே 1877-இல் தடுப்பு முறைக் கல்வி என எழுதி வைத்தார். 1906-இல் அவருடைய துறவற மைந்தர் நம் தஞ்சைக்கு வந்தபோது, இந்த மரபும் அவர்களோடு வந்தது.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? அவ்வாறு கூறுவது குற்றத்தால் கண்ணீர் வடித்தவர்க்குச் செய்யும் அநீதியாகும். 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயது நிறைந்தோரை, ஆய்வுக்குப் பின் வயதுவந்தோராகக் கருதி விசாரிக்க 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதன் பின்னே இருந்த வேதனையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் எவ்வளவு கடுமையான சட்டமும் குற்றம் நடந்த பிறகே வாய் திறக்கும். பள்ளியை விட்டு நின்றுபோன நாளில் அச்சிறுவனைத் தேடிச் செல்வது சட்டத்தின் வேலையன்று. அது அண்டை வீட்டாரின் வேலை, பங்கின் வேலை.

கிறிஸ்து பிறப்பு நாளில் கேக்கும் போர்வையும் எடுத்துக்கொண்டு நாம் சிறைக்குச் செல்கிறோம். அது நல்லதே. ஆனால் அங்கே நம்மைக் கண்டு தலைகுனியும் இளைஞன், சில ஆண்டுகளுக்கு முன் நம் கோயிலின் கடைசித் தூணருகே நின்றவனாக இருக்கலாம். அன்று அவன் பெயரை நாம் கேட்டோமா?