எரிந்த ஆறும் ஏப்ரல் 22-ம்

1969 ஜனவரி 28. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரை ஒட்டிய கடலில், கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி நின்றது யூனியன் ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் துரப்பண மேடை. கடலடியில் துளையிட்ட குழாயை ஊழியர்கள் மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது சேறும் எரிவாயுவும் பீறிட்டு எழுந்தன. துளையின் வாயை எப்படியோ அடைத்துவிட்டார்கள். உள்ளே அடைபட்ட அழுத்தம் சும்மா இருக்குமா? கடல்தரையையே பிளந்துகொண்டு வெளியே வந்தது. துளையைச் சுற்றிக் காவலாக இறக்க வேண்டிய இரும்புக் குழாயை, விதி சொன்ன ஆழம் வரை இறக்கவில்லை. அந்த விலக்கைக் கொடுத்தது அரசாங்கமேதான். முதல் பத்து நாட்களில் மட்டும் ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது.

எண்ணெயை உறிஞ்சுவதற்காகக் கடற்கரை முழுக்க வைக்கோலைப் பரப்பினார்கள். பிறகு அதைக் கருப்புக் கூளமாக வாரி லாரிகளில் ஏற்றினார்கள். இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, நிற்கவும் முடியாமல் தத்தளித்த கடற்பறவைகளை ஊர்மக்கள் கையில் ஏந்திக் கழுவினார்கள். ஆயிரக்கணக்கில் அவை செத்தன. இதையெல்லாம் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சென்ற வாரம் நாம் பார்த்த ரேச்சல் கார்சன், பூச்சிமருந்தின் விஷம் பறவைகளைக் கொல்வதைப் பக்கம் பக்கமாக எழுதிப் புரியவைக்க வேண்டியிருந்தது. சாந்தா பார்பராவில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 22 அன்று ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆறு தீப்பிடித்தது. ஆலைக்கழிவும் எண்ணெயும் மிதந்த ஆறு அது. அதற்கு முன்பும் பலமுறை எரிந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் அணைந்துவிட்ட அந்தத் தீயை யாரும் படம்கூட எடுத்திருக்கவில்லை. பின்னர் 'டைம்' பத்திரிகை வெளியிட்ட புகழ்பெற்ற படம், 1952-ல் அதே ஆறு எரிந்தபோது எடுத்தது! எனக்கு இந்தத் தகவல்தான் மனதை உறுத்துகிறது. ஆறு எரிவது என்பது உள்ளூர்ப் பத்திரிகைக்குக்கூடப் பெரிய செய்தியாக இல்லாத அளவுக்கு அந்த ஊர் அதற்குப் பழகிப்போயிருந்தது. மறுநாளே நிருபர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் நேரில் காட்டியவர் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மேயர் அவர்.

விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் பல ஆண்டுகளாக இந்தக் கவலையைச் சுமந்து திரிந்தவர். ஆளுநராக இருந்தபோது, சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அந்தப் பணத்தில் காடுகளையும் நீர்நிலைகளையும் மக்களுக்காக வாங்கிப் பாதுகாத்தார். 1963-ல் ஜனாதிபதி கென்னடியையே வற்புறுத்தி இயற்கைப் பாதுகாப்புக்காக ஊர் ஊராகப் பேசவைத்தார். நிருபர்களோ அணு ஆயுத ஒப்பந்தத்தைப் பற்றியே கேள்வி கேட்டார்கள், பயணம் பிசுபிசுத்துப்போனது.

1969 ஆகஸ்டில் சாந்தா பார்பராவைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது, வியட்நாம் போரை எதிர்த்துக் கல்லூரிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்திய விவாத வகுப்புகளைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தார் நெல்சன். இதையே மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் செய்தால் என்ன? செப்டம்பரில் சியாட்டில் நகரில் பேசும்போது அறிவித்தார். கடிதங்கள் குவிந்தன.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் இந்த வரலாற்றிலேயே முக்கியமானது என்பேன். மேலிருந்து யாரும் உத்தரவு போடக் கூடாது, அவரவர் ஊரில் அவரவர் பிரச்சினையை அவரவரே பேசட்டும் என்று விட்டுவிட்டார். தன் கட்சிக்குப் போட்டியான குடியரசுக் கட்சியின் பீட் மெக்ளாஸ்கியை இணைத் தலைவராகச் சேர்த்துக்கொண்டார். ஒருங்கிணைக்க வந்த டெனிஸ் ஹேய்ஸுக்கு வயது 25. காகித ஆலை ஊரில் வளர்ந்தவர். ஹார்வர்டில் படிப்பை நிறுத்திவிட்டு வந்தார். வசந்தகால விடுமுறைக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் நடுவே, மாணவர்கள் கல்லூரியில் இருக்கும் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது லெனினின் நூற்றாண்டுப் பிறந்தநாள் என்று கண்டுபிடித்துச் சிலர் சதி என்றார்கள். கூட்டங்களை எஃப்.பி.ஐ. உளவு பார்த்தது பின்னாளில் அம்பலமானது.

1970 ஏப்ரல் 22. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் கார்களை நிறுத்திவிட்டார்கள். எப்போதும் ஹாரன் அலறும் அந்தச் சாலையின் முழு அகலத்திலும் மனிதர்கள் நடந்தார்கள். செத்த மீன்கள் நிறைந்த வலையைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு கூட்டம். உறுப்பினர்கள் சொந்த ஊரில் பேசப் போய்விட்டதால் நாடாளுமன்றம் கூடவில்லை. ஏறக்குறைய 2 கோடிப் பேர், அதாவது அமெரிக்கர்களில் பத்தில் ஒருவர், அன்று ஏதோ ஓரிடத்தில் கலந்துகொண்டதாகக் கணக்கிட்டார்கள். முதல் பூமி தினம் அது.

கூட்டம் கலைந்ததோடு ஹேய்ஸும் நண்பர்களும் வீட்டுக்குப் போய்விடவில்லை. சுற்றுச்சூழலுக்கு எதிராகத் தொடர்ந்து வாக்களித்த 12 நாடாளுமன்ற உறுப்பினர்களின் பட்டியலைத் தயாரித்து, 'அழுக்குப் பன்னிருவர்' என்று பெயரிட்டுத் தேர்தலில் எதிர்த்தார்கள். ஏழு பேர் தோற்றார்கள். பொதுப்பணிக் குழுவின் தலைவரே பால்டிமோரில் சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் மண்ணைக் கவ்வினார். இந்தப் பயம் இல்லாமல் தூய காற்றுச் சட்டம் செனட்டில் 73-க்கு 0 என்று நிறைவேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செயல்படத் தொடங்கியது. 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்தை ஜனாதிபதி நிக்சன் ஒப்புதல் தர மறுத்தும், அவரை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அந்த முகமையின் முதல் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ், கார்சன் எச்சரித்த டி.டி.டி. மருந்தை அமெரிக்க வயல்களில் தடை செய்வதாக 1972 ஜூன் 14 அன்று அறிவித்தார். அன்றைக்கே ஸ்டாக்ஹோமில், உலக நாடுகளின் முதல் சுற்றுச்சூழல் மாநாட்டில், இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி மேடையேறினார். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினமானது அந்த மாநாட்டால்தான். பணக்கார நாடுகளிடம் அவர் கேட்ட கேள்வியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)