சிலியம்: மெய்நிகர் இயந்திரங்களில் ஒருங்கிணைப்புச் சோதனை

கன்டெய்னர்களின் வலைப்பின்னலைக் கையாளும் திறமூல மென்பொருளான சிலியம், லினக்ஸ் கர்னலுக்குள் இபிபிஎஃப் நிரல்களை ஏற்றி இயங்குகிறது. அதைச் சோதிக்க மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டியிருப்பது இதனால்தான். கன்டெய்னர்கள் தாம் இயங்கும் கணினியின் கர்னலையே பகிர்ந்துகொள்கின்றன; மெய்நிகர் இயந்திரத்துக்கோ தனிக் கர்னல் உண்டு. எனவே பல கர்னல் பதிப்புகளை ஒரே கணினியில் அடுத்தடுத்துச் சோதிக்கலாம். கர்னல் பதிப்புகளிடையே உள்ள வேறுபாடு அற்பமானதல்ல. 5.2க்கு முந்தைய கர்னல்களில் ஓர் இபிபிஎஃப் நிரலில் 4,096 ஆணைகளுக்கு மேல் இருக்க முடியாது; 5.2 பதிப்பு, சிறப்புரிமை பெற்ற நிரல்களுக்கு அவ்வரம்பைப் பத்து லட்சமாக்கியது. புதிய கர்னலில் எளிதாக ஏறும் நிரலைப் பழைய கர்னல் அடியோடு மறுத்துவிடக்கூடும்.

முன்பு சிலியம் சோதனைகளுக்கான இயந்திரங்கள் வேக்ரன்ட், வர்ச்சுவல்பாக்ஸ் ஆகிய கருவிகளால் எழுப்பப்பட்டன. சோதனைகள் கோ மொழியின் கிங்கோ சட்டகத்தில் அமைந்தன. பிற்பாடு இயந்திரங்களை எழுப்பும் பணியில் கியூஇஎம்யூ சார்ந்த சிறு கருவி வேக்ரன்ட், வர்ச்சுவல்பாக்ஸின் இடத்தைப் பிடித்தது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் முனைகளாக இரண்டு இயந்திரங்களையேனும் இணைத்துச் சோதிப்பதே மிகப் பயனுள்ளது. ஒரே முனைக்குள் பொட்டலம் செல்லும் வழி வேறு. முனை கடக்கும்போது அது விஎக்ஸ்லேன் உறைக்குள் பொதியப்படலாம். உறையின் தலைப்பே 50 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், 1,500 பைட் எல்லைகொண்ட இணைப்பில் பெரிய பொட்டலங்கள் சிக்கும். ஒற்றை முனைச் சோதனையில் இப்பிழை தென்படாது.