வையாளியும் வாதுவரும்: குதிரை பழக்கியவர்களைத் தேடி

திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள், தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் நம்பெருமாளைத் தோளில் சுமப்போர் முன்னும் பின்னுமாக விரைந்து ஓடுவர். அந்த ஓட்டத்திற்கு வையாளி என்று பெயர். குதிரையேற்றத்திற்குரிய வெளியைக் குறிக்கும் 'வாஹ்யாலி' என்னும் வடசொல்லோடு உறவுடைய சொல் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், அத்தகைய வெளியில் நிகழ்ந்த அரச விளையாட்டை விவரிக்கிறது. தமிழிலும் வையாளி வீதி, செண்டுவெளி என அவ்விடத்திற்குப் பெயர்கள் உண்டு. குதிரையை நடத்துவோர்க்கு வாதுவர் என்று பெயர். களத்திற்கும் ஆளுக்கும் சொல் இருக்கிறது. அந்த ஆட்களின் வரலாறு எங்கே?

அயலார் குறிப்புகள் தரும் விடை கடுமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். குதிரைகளை நாற்பது நாள் கொட்டிலில் கட்டிக் கொழுக்கவைத்து, பின்னர் உரிய பயிற்சியும் அங்கவடியும் இன்றி அவற்றின்மேல் ஏறியதால் அவை விரைவில் வலுவிழந்தன என்பது அவர் கூற்று.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்பதற்கில்லை. இருவர் எழுத்திலும் கடல் வணிகர்களின் பேச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. குதிரை மாண்டால் அடுத்த ஆண்டும் குதிரை விற்கும். இலாபம் குறையாதிருக்கவே குதிரை மருத்துவர்களை வணிகர்கள் இங்கு வரவிடவில்லை என்று போலோவே குறிப்பிடுகிறார். ஆகவே இவை தமிழரின் அறியாமைக்குச் சான்று என்பதைவிட, அறிவும் சரக்காக இருந்த ஒரு சந்தைக்குச் சான்று எனலாம்.

கல்வெட்டுகள் அச்சந்தையின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன. சோழர் காலச் சாசனங்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். மலைமண்டலம் என்பது இன்றைய கேரளப் பகுதி. மேலைக் கடற்கரையோடு இவ்வணிகத்திற்கு இருந்த தொடர்பை அப்பெயரே உணர்த்துகிறது. கொடை அளித்த செட்டியின் பெயர் கல்லில் நின்றது. கொட்டிலில் கடிவாளம் பிடித்தவனின் பெயருக்குக் கல்லில் இடம் கிடைப்பது அரிது.

எனினும் அவ்வறிவு எவ்வழியே வந்தது என்பதற்குத் தடயங்கள் உள்ளன. மாணிக்கவாசகர் கதையில் குதிரை வணிகராக வரும் சிவபெருமான், குதிரைகளை விற்பதோடு நில்லாமல், பாண்டியன் முன் அவற்றை நடத்தியும் காட்டுகிறார். அக்கதையை வளர்த்தவர்களின் மனத்தில் விற்பவனும் நடத்துபவனும் ஒருவனே. இராவுத்தர் என்னும் சொல் 'ராஜபுத்திர' என்பதிலிருந்து பிராகிருத வழியாக வந்து, குதிரை வீரனைச் சுட்டி, பின்னர் தமிழ் முஸ்லிம் சமூகம் ஒன்றின் பெயராயிற்று. அருணகிரிநாதர் முருகனையே அச்சொல்லால் விளித்தார். தொழிலின் பெயர் குடியின் பெயராவது, அத்தொழில் தலைமுறை வழியே கைமாறியதைக் குறிக்கும் ஓர் அடையாளம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மல்லகதி, மயூரகதி, வானரகதி, வல்லியகதி, சரகதி எனக் குதிரையின் ஐந்து நடைகளை அகராதிகள் பட்டியலிடுகின்றன. இவை பெரிதும் வடமொழிச் சொற்கள். நூல்வழி வந்த பட்டியல் மட்டுமே களத்தில் நிகழ்ந்த பயிற்சிக்குச் சான்றாகாது. நூல்களுக்கும் குறைவில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. ஆனால் குதிரையின் வாயில் கடிவாளம் எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் கை அறியவேண்டும்; ஏடு கற்பிக்காது. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் மூத்த வீரர் இளையவருக்கும், பழகிய குதிரை புதியவருக்கும் கற்பிக்கும் மரபு இன்றும் தொடர்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதனை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அங்கே காக்கப்பட்டது அறுபடாத அந்தக் கைமாற்றம்.

தமிழகத்தில் அச்சங்கிலி அறுந்தது; சொற்கள் எஞ்சின. கல்வெட்டில் பெயரில்லை என்பதால் வாதுவன் இல்லை என்று முடிவுகட்டுவது, விற்றவனின் கணக்கை வைத்துப் பழக்கியவனின் வரலாற்றை எழுதுவதாகும். திருவரங்கத்து வீதியில் குதிரை மரத்தாலும் பொன்னாலும் ஆனது. அதன் ஓட்டம் மனிதக் கால்களுடையது. அந்த ஓட்டத்திற்கு வையாளி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.