இறையியல் கல்லூரியும் அரசின் படிவமும்

1964 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இயற்றப்பட்ட குடிமை உரிமைகள் சட்டம், இனம், நிறம், சமயம், பால், பூர்வ நாடு என்பவற்றை முன்னிட்டு எவருக்கும் வேலை மறுக்கலாகாதென விதித்தது. ஆயினும் கல்விக்கூடங்கள், தம் கல்விப் பணியில் அமர்த்துவோரைப் பொறுத்தவரை, அவ்விதிக்குப் புறம்பாகவே விடப்பட்டன. கறுப்பின மக்களின் நெடிய போராட்டத்தினின்று பிறந்த சட்டத்திற்குப் பள்ளிக்கூடம் தப்பிக்கொண்டது விந்தையே. 1972 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று. திருச்சபைகளுக்கும் அவற்றின் கல்விக்கூடங்களுக்கும் எஞ்சிய சலுகை ஒன்றே: தம் சமயத்தாரைத் தெரிந்தெடுத்து அமர்த்தலாம். நிறத்தையோ பாலையோ காரணங்காட்ட அதில் இடமில்லை.

இச்சட்டத்தை நடைமுறைப்படுத்த ஏற்பட்ட சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு, உயர்கல்வி நிலையங்கள் தம் ஊழியரின் தொகையை இனம், பால், பதவி, சம்பளம் என்னும் வாரியாகப் படிவத்தில் எழுதியனுப்பக் கட்டளையிட்டது. 1908 இல் நிறுவப்பட்டு, 1910 முதல் டெக்ஸாஸ் மாநிலத்துப் போர்ட் ஒர்த் நகரில் இயங்கிவந்த தென்மேற்குப் பாப்திஸ்து இறையியல் கல்லூரி அதற்கு இணங்க மறுத்தது. போதகர்களை உருவாக்கும் பணி திருச்சபையின் பணியாதலால், அதில் அரசு தலையிடலாகாது என்பது அதன் வாதம். 1980 இல் கீழ் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. 1981 இலோ ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவே ஒரு கோடு கிழித்தது. பேராசிரியர்கள் சட்டத்தின் பார்வையில் குருமாரே. அவர்களைப் பற்றிக் கணக்குக் கேட்க அரசுக்கு அதிகாரமில்லை. அலுவலகத்திலும் பராமரிப்பிலும் உழைக்கும் ஏனையோரைக் குறித்துப் படிவம் அனுப்பியே தீரவேண்டும்.

எல்லா விசுவாசிகளின் ஆசாரியத்துவத்தையும் போதிக்கும் பாப்திஸ்து சபையாருக்கு, குரு யார், குரு அல்லாதார் யார் என்று உலக நீதிமன்றம் வரையறுத்துக் கொடுத்தது! அதனினும் முக்கியமானது, குரு எனப்பட்டவருக்கு அதனால் நேர்ந்த இழப்பு. எழுத்தருக்கு எஞ்சிய சட்டப் பாதுகாப்பு பேராசிரியருக்கு இல்லாமற்போயிற்று. திருச்சபைக்குக் கிடைத்த சுதந்தரத்திற்கு விலை கொடுத்தவர் அவரே என்பது என் கருத்து.

அவ்விலை பின்னர் வெளிப்படையாயிற்று. 2002 இல் அதே கல்லூரியில் எபிரெயம் கற்பிக்க நியமனம்பெற்ற பெண்மணி ஒருவர், தாம் பெண் என்பதனாலேயே நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டதென முறையிட்டு, ஒப்பந்த மீறல் முதலியவற்றைச் சாட்டி 2007 இல் வழக்கிட்டார். 2008 இல் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. 1981 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அவரும் குருவாகக் கொள்ளப்பட்டார். அக்கல்லூரியைச் சேர்ந்த தென்னகப் பாப்திஸ்து மாநாடோ, போதகர் பதவி ஆடவருக்கே உரியதென 2000 ஆம் ஆண்டிலேயே தன் விசுவாச அறிக்கையில் எழுதியிருந்தது. பீடத்தில் குருவாக இயலாதவர் வழக்காடுகையில் மட்டும் குருவானார்.

இக்கோடு பள்ளிகளுக்கும் நீண்டது. மிச்சிகனில் லுத்தரன் பள்ளி ஆசிரியை ஒருவர், நோய் விடுப்புக்குப்பின் தம்மைச் சேர்க்காவிடில் சட்டத்தை நாடுவதாகச் சொன்னதற்காக நீக்கப்பட்டார். கிறிஸ்தவர் உலக நீதிமன்றம் செல்லலாகாதென்பது சபையாரின் கொள்கை. 1 கொரிந்தியர் 6 வழக்கிடும் சகோதரனை மட்டுமன்றி, சகோதரனுக்கு அநியாயம் செய்வோரையும் கடிந்துகொள்ளுகிறது என்பதை மாணவர் கவனிப்பாராக. 2012 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சபையின் சார்பில் தீர்ப்பளித்தது.

2020 இல் கலிபோர்னியாவின் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் இருவரின் வழக்குகளில், குரு என்னும் பட்டமே வேண்டுவதில்லை, விசுவாசத்தைக் கற்பித்தலே போதும் என அதே நீதிமன்றம் கூறியது. வயதினால் நீக்கப்பட்டதாக ஒருவரும், மார்பகப் புற்றுநோய்க்கு விடுப்புக் கேட்டதால் நீக்கப்பட்டதாக மற்றவரும் சொன்னது மெய்யோ என்று இனி எந்த நீதிமன்றமும் விசாரியாது. அவர்களுள் பின்னவர், தீர்ப்புக்கு முன்னரே, 2019 இல் மரித்தார்.