படியளக்காத பாரோ

எகிப்துக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "பிரமிட் எப்படி இருந்தது?" என்று கேட்டுவிடுகிறார்கள். பிரமிட் நன்றாகத்தான் இருந்தது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷமாக நன்றாகத்தான் இருந்து வருகிறது. "துத்தன்காமனின் தங்க முகமூடி?" அதுவும் பிரமாதம். ஆனால் இந்தப் பிரயாணத்திலிருந்து என் மனத்தோடு கூடவே வந்துவிட்டவை தங்கமும் இல்லை, கோபுரம் போன்ற கற்குவியலும் இல்லை. உள்ளங்கை அகலமுள்ள சில சுண்ணாம்புக்கல் சில்லுகள். அவற்றில் கறுப்பு மசியாலும் சிவப்பு மசியாலும் கிறுக்கியிருந்த கணக்கு.

நைல் நதியின் கிழக்குக் கரையில் லக்ஸர் நகரம் இருக்கிறது. பழைய தீப்ஸ் அதுதான். படகில் ஏறி மேற்குக் கரைக்குப் போனால், கொஞ்ச தூரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கரும்பும் கோதுமையும். பிறகு யாரோ கோடு கிழித்ததுபோலப் பசுமை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் புல் பூண்டு இல்லாத மஞ்சள் மலை. அந்த மலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுதான் அரசர்களின் பள்ளத்தாக்கு. பிரமிட் கட்டினால் திருடர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிறது என்று கண்டுகொண்ட பாரோக்கள், சுமார் 400 வருஷம் இங்கே பாறைக்குள் குடைந்து புதைந்துகொண்டார்கள். சிறிதும் பெரிதுமாக அறுபதுக்கு மேற்பட்ட குடைவுகள். உள்ளே போனால் சுவரெல்லாம் சித்திரம். நேற்று உலர்ந்த மாதிரி வர்ணம்.

உடன் வந்தவர்கள் எல்லாரும், "இங்கே படுத்திருந்த ராஜா யார்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எனக்கு ராஜாவைவிட, இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாம்பையும் பருந்தையும் வரைந்தவன் யார், மத்தியானம் அவன் என்ன சாப்பிட்டான், அவனுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்ற கவலை வந்துவிட்டது. வழிகாட்டியிடம் கேட்டேன். "மலைக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊர் இருக்கிறது, சார். ஆனால் வெறும் குட்டிச் சுவர்தான். போனால் நேரம் வீண்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

அந்த ஊருக்கு இப்போது தேர் எல் மதீனா என்று பெயர். அந்தக் காலத்தில் அதை 'சத்தியத்தின் இடம்' என்று அழைத்தார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு மதில். அதற்குள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் சுமார் 70 வீடுகள். நடுவே ஒரு சந்து. இரண்டு கையையும் நீட்டினால் இரு பக்கத்துச் சுவரும் தட்டுப்படும். ஒவ்வொரு வீட்டிலும் வரிசையாக நாலு அறை, மாடிக்குப் படி, சாமான் வைக்கப் பாதாள அறை. நம் ஊர் அக்கிரகாரத்து ஒட்டு வீடு எதையாவது பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. கல்தச்சர்களும் சித்திரக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இங்கேயே மலையடிவாரத்தில் அடக்கமானார்கள்.

ஊரில் கிணறு கிடையாது. தினமும் நதியிலிருந்து கழுதை முதுகில் தண்ணீர் வரவேண்டும். பிற்காலத்தில் யாரோ தண்ணீருக்காக 160 அடிக்கு மேல் தோண்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. தண்ணீர் வரவில்லை. அந்தப் பள்ளம் குப்பைக் குழியாயிற்று. ஆனால் என்ன குப்பை! 1922 முதல் 1951 வரை இங்கே பொறுமையாகத் தோண்டிய பெர்னார்ட் ப்ரூயேர் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் குழியிலிருந்து மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துச் சில்லுகளை எடுத்தார். பாப்பிரஸ் தாள் விலை அதிகம். கல் சில்லுக்குக் காசு கிடையாது. ஆகவே மளிகைக் கணக்கு, கடன் சீட்டு, காதல் பாட்டு, கழுதை வாடகைத் தகராறு எல்லாவற்றையும் அவர்கள் கல்லில் எழுதிக் கல்லைத் தூக்கி எறிந்தார்கள்.

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் அத்தகைய சில்லு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பெரிய கல். இரண்டாம் ராம்சேஸின் 40-ஆவது வருஷத்து மஸ்டர் ரோல் அது. ஆளுடைய பெயர், அவன் வேலைக்கு வராத தேதிகள். தேதிக்கு மேலே சிவப்பு மசியில் காரணம். ஒருவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்வலி. ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான். ஒருவன் அம்மாவின் உடலுக்குச் சுற்று கட்டப் போனான். மனைவிக்கோ பெண்ணுக்கோ தூரம் என்பதற்காக நின்றவர்களும் உண்டு. மேஸ்திரியின் சொந்த வேலையைச் செய்யப் போனேன் என்பதும் ஒரு காரணம். கணக்கப்பிள்ளை அதையும் முகம் மாறாமல் பதிந்திருக்கிறார். அந்தக் கணக்கப்பிள்ளைகள் சாமானியர்கள் அல்ல. விளக்குத் திரியை எண்ணிக் கொடுப்பார்கள். செப்பு உளியைக் கொடுக்கும்போது எடை, வாங்கும்போது எடை. உளி தேயலாம், களவு போகக் கூடாது.

மனிதர்களும் ஒன்றும் மகான்கள் இல்லை. பானெப் என்ற மேஸ்திரியின்மேல் ஒருவர் எழுதிய புகார் கிடைத்திருக்கிறது: அரசன் கல்லறைக் கல்லைத் திருடினான், ஊரார் மனைவிகளைக் கெடுத்தான், அடிக்கவும் வந்தான் என்று நீண்டுகொண்டே போகிறது. நவ்நக்தே என்ற கிழவியின் உயில் ஒன்றும் உண்டு. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். தள்ளாத காலத்தில் தன்னைக் கவனித்தவர்களுக்குத்தான் தன் சொத்து, கைவிட்டவர்களுக்கு இல்லை என்று சபையில் சொல்லி எழுதி வைத்துவிட்டாள். மூவாயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தத் தாயின் கோபம் இன்னும் ஆறவில்லை.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளில் நாணயம் கிடையாது. அரசாங்கம் மாதாமாதம் படி அளக்கும். ஓர் ஆளுக்கு ரொட்டிக்கு நாலு மூட்டை கோதுமை, பீருக்கு ஒன்றரை மூட்டை பார்லி. மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூடுதல். அவர்கள் மூட்டை ஏறக்குறைய 77 லிட்டர். இது தவிர மீன், காய்கறி, எண்ணெய், துணி. அந்தப் பாறையில் ஒரு கீரைகூட முளைக்காது. படி வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் இல்லை.

மூன்றாம் ராம்சேஸின் 29-ஆவது வருஷத்தில், கி.மு. 1157 வாக்கில், படி நின்றது. அந்த அரசன் கடல் வழியாகப் படையெடுத்து வந்தவர்களை முறியடித்த மகாவீரன். மெதினத் ஹாபு என்ற இடத்தில் அவன் எழுப்பிய கோயில் தேர் எல் மதீனாவிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்றுக் கூட. அதன் சுவரில், வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவித்து எண்ணும் கணக்கப்பிள்ளைகளைப் பார்த்தேன். தெற்குச் சுவர் முழுவதும் தேவர்களுக்கு எந்தத் திருநாளில் எத்தனை ரொட்டி, எத்தனை ஜாடி பீர் என்ற நைவேத்தியப் பட்டியல். சுவரில் படியளப்பு குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் தொழிலாளிகள் உளியை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஐந்து காவற் சுவர்களைத் தாண்டி, மூன்றாம் துத்மோசின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மறுநாளும், அதற்கு மறுநாளும் வேறொரு கோயில் வாசல், இரண்டாம் ராம்சேஸின் கோயில். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, உடுக்கத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, கறிகாயில்லை, அரசருக்கும் மந்திரிக்கும் எழுதுங்கள் என்றார்கள். கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தார்கள். சரித்திரத்தில் பதிவாகியிருக்கும் முதல் வேலை நிறுத்தம் அதுதான் என்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் போலீஸ் தலைவர் மெந்துமோஸ். அவர் செய்த வேலையைப் பாருங்கள்: வீட்டைப் பூட்டுங்கள், பெண்டு பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், நானே முன்னால் நடந்து உங்களை சேத்தி மன்னரின் கோயிலில் உட்கார வைக்கிறேன் என்றார்! நகரத் தலைவர் ஒருவர் மனம் இரங்கி 50 மூட்டை கோதுமை கொடுத்தார். உடனே கோயில் நைவேத்தியத்தில் கை வைத்தார் என்று அவர்மேல் பழி வந்தது. நல்லது செய்த உத்தியோகஸ்தர்களின் கதி அன்றும் அதுதான். பழைய பாக்கி கொஞ்சம் வந்தது. மறுமாதம் மறுபடி தகராறு. மந்திரியோ அரசனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்காகத் தெற்குப் பிராந்தியத்துத் தெய்வ விக்கிரகங்களைப் படகில் ஏற்றிச் செல்ல வந்தவர், தொழிலாளிகளை நேரில் பார்க்காமலே போய்விட்டார். உங்கள் படியை நான் எடுக்கவில்லை, களஞ்சியமே காலி, கிடைத்ததைத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். கிடைத்தது பாதிப் படி.

இத்தனையையும் நாள் தவறாமல் எழுதிவைத்தவர் அந்த ஊர்க் கணக்கப்பிள்ளை அமென்நக்த் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தப் பாப்பிரஸ் இப்போது இத்தாலியில் டூரின் மியூசியத்தில் இருக்கிறது.

விழா நடந்த மூன்றாம் வருஷம் அரசன் இறந்தான். அந்தப்புரத்தில் ஒரு ராணி தன் மகனைப் பட்டத்தில் அமர்த்தச் சதி செய்ததும், சதிகாரர்களை விசாரித்துத் தண்டித்ததும் எழுத்தில் உண்டு. சதி பலித்ததா என்பது மட்டும் வெகு காலம் விவாதமாகவே இருந்தது. 2012-ல் வெளியான ஆராய்ச்சியில், ஸ்கேன் கருவி வழியாக அவன் உடலைப் பார்த்தபோது, கழுத்தைச் சுற்றியிருந்த கனத்த துணிக்கு அடியில் தொண்டை எலும்பு வரைக்கும் அறுபட்டிருந்தது. காயத்துக்குள் ஹோரஸ் தேவனின் கண்ணைப் போன்ற ஒரு தாயத்து. பாடம் செய்தவர்கள் மறு உலகத்திலாவது ஆறட்டும் என்று வைத்தது.

பிறகு நாடு நொடித்தது. லிபியர்களுக்குப் பயந்து, பதினோராம் ராம்சேஸ் காலத்தில், ஊர் ஜனங்கள் வீடுகளைக் காலி செய்துவிட்டு மெதினத் ஹாபு கோயில் மதிலுக்குள் குடிபுகுந்தார்கள். அங்கே புதெஹாமுன் என்ற கணக்கப்பிள்ளை வீட்டின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவருக்கு வந்த வேலை விசித்திரமானது. முன்னோர்கள் குடைந்து மூடிய கல்லறைகளை இவர் திறக்க வேண்டும். பழைய கல்லறை ஒன்றைத் திறந்து, தாம் திரும்பி வரும் வரை முத்திரையைப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒரு சேனாபதி இட்ட உத்தரவு கடிதத்தில் இருக்கிறது. தங்கம் அரசாங்கத்துக்குப் போயிற்று. ராஜாக்களின் உடல்களுக்குப் புதுத் துணி சுற்றி வேறிடத்தில் ஒளித்து வைத்தார்கள். அப்படி ஒளித்தவற்றில் பெரும்பாலானவை 1881-ல் தேர் எல் பஹாரி மலை இடுக்கில் அகப்பட்டன. அவற்றில் மூன்றாம் ராம்சேஸும் ஒருவன்.

அவன் மேல் சுற்றிய துணியில் மசியால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது. இன்ன வருஷம், இன்ன தேதி, தலைமைப் பூசாரியின் உத்தரவுப்படி இந்த அரசரின் உடலைச் செப்பனிட்டவர்கள் இன்னார். இரண்டு பெயர்களில் ஒன்று 'சத்தியத்தின் இடத்துக் கணக்கர் புதெஹாமுன்'. வேலை நிறுத்தம் நடந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது. வம்ச வரிசையைப் பார்த்தேன். அமென்நக்த்தின் மகன் ஹர்ஷிரே, அவர் மகன் காயெம்ஹெஜெத், அவர் மகன் துத்மோஸ், அவர் மகன்தான் இந்தப் புதெஹாமுன்.

கொள்ளுப்பாட்டனாரின் அப்பாவுக்குப் பாதிப் படி அளந்த அரசனுக்கு அவர் எத்தனை முழம் துணி சுற்றினாரோ தெரியாது. கணக்கப்பிள்ளை அல்லவா, எங்கேயாவது ஒரு சில்லில் எழுதித்தான் வைத்திருப்பார். என் கண்ணில் படவில்லை.