எண் எழுதிய வரி நின்றது: சிங்கப்பூர்ப் பிரிவினை ஒப்பந்தத்துக்கு ஓர் உரை

1965 ஆகஸ்ட் 7ஆம் தேதி கோலாலம்பூரில் கையெழுத்தான சிறிய ஆவணம் இது. ஒரு நகரம் நாடானது இதனால்தான். கையெழுத்துகளில் நம் கண்ணில் படும் பெயர்கள் இரண்டு. மலேசியத் தரப்பில் வீ. தி. சம்பந்தன், சிங்கப்பூர்த் தரப்பில் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். பிரிவினையை மனதார ஏற்காமலே ராஜரத்தினம் ஒப்பமிட்டார். முக்கியமான உறுப்புகளின் கருத்தை என் சொற்களில் தந்து, கீழே உரை எழுதுகிறேன்.

இரண்டாம் உறுப்பு: ஆகஸ்ட் 9 முதல் சிங்கப்பூர் மலேசியாவின் மாநிலமாக இராது, தனி இறைமை நாடாகும்.

இந்த உறுப்பில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மலேசியாவோடு சேர்வதற்கு 1962இல் சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் இருந்த மூன்று வழிகளும் இணைவதற்கான வழிகளே. வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டுப் போட்டார். குறையுள்ள வாக்கெடுப்புதான், ஆனாலும் மக்களைக் கேட்டார்கள். பிரிவதற்கு அதுவும் இல்லை. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் நாடு மாறிவிட்டதை அறிவிப்பு வந்த பிறகுதான் அறிந்தார்கள். இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

ஐந்தாம் உறுப்பு: வெளிப் பாதுகாப்பில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று உதவும். சிங்கப்பூரில் உள்ள தளங்களை மலேசியப் படைகள் தொடர்ந்து பயன்படுத்தலாம். மற்றவரின் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு தரும் உடன்படிக்கையை இருவரும் வேறு நாட்டோடு செய்யக் கூடாது.

முதல் வரி உறவு கொண்டாடுகிறது. இரண்டாம் வரி புதிய நாட்டின் மண்ணில் அண்டை நாட்டுப் படையை இருக்க விடுகிறது. மூன்றாம் வரிதான் கூர்மையானது. எது கேடு, அதைத் தீர்மானிப்பது யார் என்று அதில் இல்லை. சிங்கப்பூரிடம் அன்று இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அந்த நிலையில் இப்படி ஒரு வரிக்குப் பொருள் சொல்லும் உரிமை பலமுள்ளவர் கைக்குத்தான் போகும்.

போகப் பார்த்ததும் உண்மை. சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை மலேசிய நலனுக்கு இடையூறாக வந்தால், அண்டை மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திவிடுவதாக மிரட்டி வழிக்குக் கொண்டுவரலாம் என்று அன்றைய மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னதைச் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

சிங்கப்பூர் இந்த உறுப்பை நம்பி உட்காரவில்லை. இஸ்ரேலியப் படை ஆலோசகர்களை, வெளியே தெரியாதிருக்க ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று பெயர் சொல்லி வரவழைத்தது. 1967இல் கட்டாயப் படைப்பணி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8இல், முதல் வெளியுறவு அமைச்சரான ராஜரத்தினம் பாங்காக்கில் ஆசியான் அமைப்பை நிறுவும் அறிக்கையில் கையெழுத்திட்டார்.

ஆறாம் உறுப்பு: பொருளாதாரத்தில் இருவரும் ஒத்துழைப்பர்; தேவையானால் கூட்டுக் குழுக்கள் அமைக்கலாம்.

‘அமைக்கலாம்’ என்ற சொல்லிலேயே இந்த உறுப்பின் கதை முடிந்துவிட்டது. எத்தனை விழுக்காடு, எந்தச் சரக்கு, எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. இதை அடுத்த ஏழாம் உறுப்பு, 1963 மலேசிய ஒப்பந்தம் வாக்களித்திருந்த பொதுச் சந்தையையே ரத்து செய்தது. சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டை அந்தச் சந்தையை எண்ணி எழுந்தது. அது கைவிட்டுப் போனதும், பக்கத்து வீட்டுக்கு விற்க நினைத்ததை உலகத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. பன்னாட்டு நிறுவனங்களை அழைத்து, ஏற்றுமதிக்கென்றே தொழில் வளர்த்த கொள்கைக்கு இந்த நெருக்கடி வேகம் கொடுத்தது. இன்று சிங்கப்பூரின் வெளிவணிகம் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

பின்னிணைப்பு ஆ, 14ஆம் பிரிவு: 1961, 1962 ஆண்டுகளின் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு ஜொகூர் அரசு கட்டுப்பட்டு நடப்பதை மலேசிய அரசு உறுதி செய்யும்.

ஆவணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 1924இல் திறந்த கடற்பாலத்தில் போகிறவர்கள், சாலையை ஒட்டியே ஓடும் பருத்த குழாய்களைப் பார்த்திருப்பார்கள். இந்தப் பிரிவு அந்தக் குழாய்களைப் பற்றியது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஆயிரம் கேலன் 50 காசுக்கு ஜொகூருக்குத் திருப்பி விற்க வேண்டும். அளவு, விலை, காலம் எல்லாம் எண்ணில் உண்டு. பிரிவினைச் சட்டமான இந்தப் பின்னிணைப்புக்குள்ளேயே இந்த உறுதிமொழி அமர்ந்தது. பிரிவினை ஒப்பந்தம் ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவானது. ஐந்தாம் உறுப்பைப் போல இதை ஆளுக்கொரு விதமாக வளைக்க முடியாது.

ஜொகூர்க்காரர்களின் மனக்குறையையும் சொல்ல வேண்டும். 1962இல் போட்ட 3 காசு இன்றும் 3 காசுதான். 25 ஆண்டுக்குப் பின் விலையைத் திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், 1987இல் மலேசியா கேட்கவில்லை. அந்த உரிமை முடிந்துவிட்டது என்கிறது சிங்கப்பூர். இல்லை என்கிறது மலேசியா. குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தரப்பு தன்னிச்சையாக விலையை மாற்ற இடம் கொடுத்தால், சிறிய நாட்டுக்கு வேறு எந்த ஒப்பந்தமும் மிஞ்சாது. பெட்ரா பிராங்கா தீவுத் தகராறை இரு நாடுகளும் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 2008இல் வந்த தீர்ப்பைக் கேட்டதும் எழுதியதற்குக் கட்டுப்படும் இதே பழக்கத்தால்தான். குழாயை மட்டும் நம்பியிருக்கவும் சிங்கப்பூர் விரும்பவில்லை. 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் ‘நியூவாட்டர்’, 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008இல் மரினா அணை என்று வரிசையாக வந்தன.

1961 ஒப்பந்தம் 2011இல் காலாவதியானது. அதன்கீழ் தான் நடத்திவந்த நீர் நிலையங்களைச் சிங்கப்பூர் காசு வாங்காமல், ஓடும் நிலையில் ஜொகூரிடம் ஒப்படைத்தது. 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும்.